பள்ளி தேடி நடந்த சிறுவன்

நிலக்கடலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்க நாட்டிலே ஒரு பெயர் கூடவே வரும். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாய்ப் பிறந்தார், அறிஞராய் உயர்ந்தார், கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பண்டங்களைச் செய்து காட்டினார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒரு வாதமும் நெடுநாள் நடந்தது. பார்த்தீர்களா, திறமை இருந்தால் எந்த நிறத்தவனும் மேலே வரலாம், வராதவன் திறமையற்றவன், இதிலே சட்டத்தின் குற்றம் என்ன, சமுதாயத்தின் குற்றம் என்ன? இதுதான் அந்த வாதம்.

கேட்பதற்கு நியாயம்போலத்தான் ஒலிக்கும். ஆகவே, அந்த மனிதர் எப்படிப் படித்தார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கடலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிசௌரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டயமண்ட் என்ற சிற்றூர். அதன் அருகே மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக் குடியானவரின் பண்ணை. 1855ஆம் ஆண்டு அவர் மேரி என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியை 700 டாலர் கொடுத்து வாங்கினார். மாடு வாங்கினால் சீட்டு எழுதுவதுபோல அதற்கும் சீட்டு எழுதிக் கொண்டார்கள். அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். அவன் பிறந்தது 1864 என்பார் சிலர், 1865 என்பார் சிலர். தாயை வாங்கிய தேதி எழுத்திலே இருக்கிறது. மகன் பிறந்த தேதியை எவரும் குறித்து வைக்கவில்லை!

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இரவிலே வந்த கொள்ளைக் கூட்டம் தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை கிடைத்தது, தாய் கிடைக்கவில்லை. குழந்தையை மீட்டு வந்தவனுக்கு ஒரு குதிரையைக் கூலியாகக் கொடுத்தார். தாய்முகம் அறியாத அந்தப் பிள்ளையையும் அவன் அண்ணன் ஜிம்மையும் பிள்ளையில்லாத அந்த வெள்ளைத் தம்பதிகளே வளர்த்தார்கள். நல்லவர்கள்தாம். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு ஆகமாட்டான். ஆகவே சமையல், துணி வெளுப்பு, தையல், தோட்டவேலை ஆகியவற்றை அந்த அம்மையாரிடம் கற்றான். வாடிய செடியை அவன் கையிலே கொடுத்தால் துளிர்க்கும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். வீட்டிலே கிடந்த பழைய எழுத்துப் புத்தகம் ஒன்றை வைத்து எழுத்தும் அறிந்தான்.

எழுத்து அறிந்தால் போதுமா? பள்ளிக்கூடம் வேண்டாமா?

பள்ளிக்கூடம் இருந்தது, பக்கத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்திலே தொழுகை நடக்கும். அன்றைக்கு ஜார்ஜும் ஜிம்மும் போய் உட்காரலாம். திங்கட்கிழமை அதே கட்டடம் பள்ளிக்கூடமாகும். அன்றைக்கு அவர்கள் அங்கே உட்காரக் கூடாது! மிசௌரியிலே 1847ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே குற்றமாக்கியிருந்தது. 1865இல் அடிமைத்தளை அறுந்தது. அந்தத் தடையும் போயிற்று. ஆனால் 1875இல் எழுதிய புதிய அரசியல் சட்டம், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று விதித்தது. தனிப் பள்ளி எங்கே இருக்கிறது? நியோஷோ என்ற ஊரிலே. ஏறக்குறைய எட்டுக் கல் தொலைவு.

பன்னிரண்டு வயது இருக்கலாம். துணிமூட்டையோடு நடந்தான். இரவு ஒரு கொட்டகையிலே படுத்தான். விடிந்ததும் அவனைக் கண்டெடுத்தவர் மரையா வாட்கின்ஸ் என்ற கறுப்பின அம்மையார். மருத்துவச்சி, துணி வெளுத்துப் பிழைப்பவர். பெயர் என்ன என்று கேட்டார். கார்வரின் ஜார்ஜ் என்றான் பையன். அப்படித்தான் அவனை ஊரார் அழைத்தார்கள். கார்வரின் குதிரை, கார்வரின் ஏர் என்பதுபோல கார்வரின் ஜார்ஜ். அந்த அம்மையார் திருத்தினார். இனிமேல் நீ ஜார்ஜ் கார்வர். எவருடைய உடைமையும் அல்ல என்றார். படிக்க வந்த பிள்ளைக்குக் கிடைத்த முதற்பாடம் அது. படித்து முடித்தபின் படித்ததை உன் மக்களுக்குக் கொண்டுபோய்க் கொடு என்பதும் அவர் சொன்னதுதான்.

அந்த வீட்டை ஒட்டியே பள்ளிக்கூடம். இடைவேளை விட்டதும் பையன் வேலி தாண்டி வந்து, புத்தகத்தை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு துணி துவைப்பான். மணி அடித்ததும் வேலி தாண்டி ஓடுவான். தன்னைப் போன்ற முகங்கள் நிறைந்த வகுப்பை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தான். தன் நிறத்தவர் ஒருவர் ஆசிரியராக நின்று பாடம் சொல்வதையும் அங்கேதான் பார்த்தான். அது அவனை நிமிர வைத்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. சிறிய அறை, நெருக்கியடித்த பிள்ளைகள், ஆசிரியரும் அதிகம் படித்தவரல்ல. எப்படிப் படித்திருப்பார்? அவருக்கு மட்டும் எந்தப் பள்ளி கதவைத் திறந்து வைத்திருந்தது? ஆசிரியருக்குத் தெரிந்ததையெல்லாம் பையன் விரைவிலேயே கற்று முடித்துவிட்டான். மேலே படிக்க அந்த ஊரிலே இடமில்லை.

மானம் காத்த பள்ளியிலே படிப்பு இல்லை. படிப்பு இருந்த பள்ளியிலே அவனுக்கு இடமில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் இளமைப் பருவத்தை அந்த நாட்டிலே நூறு ஆண்டு காலம் அலைக்கழித்தது இதுதான்.

ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு கான்சாஸ் மாநிலத்துக்குப் புறப்பட்டது, தொற்றிக்கொண்டு போனான். ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊர். அங்கே 1879ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெறிபிடித்த கும்பல் ஒரு கறுப்பின மனிதரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்று எரித்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் அதைக் கண்ணாலே கண்டான். அன்றே ஊரை விட்டு ஓடினான். கிழவரான பின்பும் அந்தக் காட்சி கண்ணை விட்டு மறையவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த வயதிலே வெள்ளைப் பையனுக்குத் தேர்வைப் பற்றிய அச்சம் இருந்திருக்கும். இவனுக்கு உயிரைப் பற்றிய அச்சம். இருவரையும் ஒரே கோட்டிலே நிறுத்தி, யார் முந்துகிறான் பார்ப்போம் என்கிறார்களே, அதைத்தான் சிந்திக்க வேண்டும்.

பிறகு ஊர் ஊராகச் சுற்றினான். கான்சாசிலேயே மின்னியாபோலிஸ் என்ற சிற்றூரில் நிறம் பார்க்காமல் சேர்த்துக்கொண்ட உயர்நிலைப் பள்ளி ஒன்று கிடைத்தது. துணி வெளுத்துக்கொண்டே படித்தான். அதே ஊரிலே இன்னொரு ஜார்ஜ் கார்வர் இருந்து கடிதங்கள் மாறிப் போனதால், பெயரின் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டான். ஒரு காலத்திலே பெயரே இல்லாதவனுக்குப் பெயர் அதிகமாகிவிட்ட வேடிக்கை!

1885ஆம் ஆண்டு. கான்சாசில் ஹைலண்ட் என்ற ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினான். மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், இடம் தந்தோம், வா என்று கடிதம் வந்தது. இருந்ததைத் திரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். கல்லூரித் தலைவர் முகத்தைப் பார்த்தார். முடியாது என்றார். கடிதத்தைப் படித்தபோது தகுதி இருந்தது. முகத்தைப் பார்த்ததும் தகுதி போய்விட்டது! எழுத்திலே நிறம் தெரியாது என்பதால் வந்த பிழையாம். அது கிறித்தவ சபை நடத்திய கல்லூரி என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அந்த அடியிலிருந்து எழுந்திருக்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. கான்சாசின் மேற்கே நெஸ் வட்டாரத்தில் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போட்டு, புல்மண் கட்டிகளால் குடிசை கட்டி, மழையில்லாத பூமியிலே போராடிப் பார்த்தார். நிலம் கைகொடுக்கவில்லை. அயோவா மாநிலத்துக்கு நடந்தார். அங்கே அவர் பாட்டைக் கேட்டு நட்புக் கொண்ட ஒரு வெள்ளைக் குடும்பத்தார் வற்புறுத்திச் சொல்லி, 1890இல் இந்தியனோலா என்ற ஊரிலுள்ள சிம்சன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எவரும் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை. கட்டணம் கட்டியபின் மிஞ்சியது பத்து சென்ட். சோள மாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி நாள் ஓட்டினார். பிறகு மாணவர்களே துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளுத்துக் கொடுத்துப் படித்தார்.

அவர் அங்கே படிக்கப் போனது என்ன தெரியுமா? ஓவியம். பூவும் செடியும் அவர் தூரிகையிலே உயிர் பெற்றன. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியிலே அவருடைய படம் பாராட்டுப் பெற்றது. ஆனால் அதற்கு முன்னரே அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட் அம்மையார் அவரை வழி திருப்பிவிட்டார். கறுப்பின ஓவியனுக்கு இந்த நாட்டிலே பிழைப்பு இல்லை, செடிநூல் படி, என் தந்தை ஏம்ஸ் நகர விவசாயக் கல்லூரியிலே பேராசிரியர், அங்கே போ என்றார். அந்த அம்மையாரைக் குறை சொல்வதற்கில்லை; நல்ல உள்ளத்தோடு உண்மையைச் சொன்னார். கதவை அடைக்கும் பகைவனிடம் சண்டையாவது போடலாம். இந்தக் கதவு உனக்குத் திறக்காது என்று அன்போடு எச்சரிப்பவரிடம் என்ன சொல்ல முடியும்? எத்தனை இளைஞர்களின் ஆசை இப்படி நல்லவர்களின் நல்ல அறிவுரையாலேயே திசை மாறியிருக்கும்! அதற்குக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

1891இல் ஏம்ஸ் போனார். அக்கல்லூரியிலே முதல் கறுப்பின மாணவர். முதல் நாளே வசை கேட்டார். மாணவர் உணவுக்கூடத்திலே இடமில்லை. கீழே நிலவறையில் பண்ணையாட்களோடு உண்ணச் சொன்னார்கள். இந்தியனோலாவிலிருந்த லிஸ்டன் அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வெள்ளை அம்மையார் தம் சிறந்த உடையை உடுத்திக்கொண்டு இரயிலேறி வந்தார். கல்லூரி வளாகம் முழுவதும் அவரோடு நடந்தார். பிறகு நிலவறைக்கு இறங்கி அவரோடு உட்கார்ந்து உண்டார். மறுநாளிலிருந்து காற்று மாறியது என்று கார்வர் பின்னாளில் குறித்திருக்கிறார். ஒரு மாணவன் சோறு உண்ண உட்காருவதற்கு இத்தனை தேவைப்பட்டது.

உட்கார இடம் கிடைத்தபின் அவரைப் பிடிக்க எவராலும் முடியவில்லை. பேராசிரியர் ஒருவரின் ஐந்தாறு வயது மகன், செடி பார்க்கப் போகும் கார்வரின் கையைப் பிடித்துக்கொண்டு வயல்களிலே சுற்றுவான். பூவின் பாகங்களைக் கேட்டுக் கற்பான். அந்தச் சிறுவன்தான் ஹென்றி வாலஸ். வீரிய மக்காச்சோள விதையை அமெரிக்க உழவருக்குப் பரப்பியவர். 1941 முதல் 1945 வரை நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர். கறுப்பின மாணவனை உள்ளே விட்டதால் படிப்பு பெற்றது யார், பாருங்கள்!

1894இல் பட்டம் பெற்றார். 1896இல் முதுகலைப் பட்டம். முதற்பட்டம் பெற்றபோது வயது முப்பது. அந்த மாநிலத்து வெள்ளைக் குடியானவரின் மகன் இருபத்திரண்டில் பெற்றுவிடுவதை இவர் முப்பதில் பெற்றார். இடையிலே போன எட்டு ஆண்டுகள் சோம்பலால் போனவை அல்ல. நியோஷோவுக்கும் ஃபோர்ட் ஸ்காட்டுக்கும் ஹைலண்டுக்கும் நெஸ்ஸுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த ஆண்டுகள். இது வென்றவரின் கணக்கு. ஹைலண்டு வாசலிலிருந்து திரும்பியவர், துணி வெளுக்கும் தொட்டியோடே நின்றுவிட்டிருந்தால்? அப்படி நின்றுவிட்டவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களைத்தான் திறமையற்றவர்கள் என்கிறார்கள்.

அதே 1896ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. இரயில் வண்டியிலே கறுப்பருக்குத் தனிப்பெட்டி ஒதுக்கும் சட்டம் செல்லும். தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்றது பிளெஸ்ஸி வழக்கிலே. இரயில் பெட்டிக்குச் சொன்னது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும் என்று தென்மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. சில மாதங்கள் கழித்து, அக்டோபரில், கார்வர் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ கல்வி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். புக்கர் வாஷிங்டன் 1881இல் தொடங்கிய கறுப்பினக் கல்வி நிலையம் அது. ஏம்ஸ் நகரிலேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். மரையா அம்மையார் சொன்னதை அவர் மறக்கவில்லை.

தனித்தனி, ஆனால் சமம் என்றார்களே, அந்தச் சமத்தைச் சற்று எண்ணிக்கையிலே பார்ப்போம். விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்காக மைய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்தது. அலபாமாவிலே அது வெள்ளையர் கல்லூரியான ஆபர்னுக்குப் போயிற்று. டஸ்கிகீயிலே கார்வர் நடத்திய நிலையத்துக்கு 1897இல் மாநிலச் சட்டமன்றம் ஒதுக்கியது ஆண்டுக்கு 1,500 டாலர். பத்திலே ஒரு பங்கு! ஆய்வுக்கூடமே இல்லை. குப்பை மேட்டிலே கிடந்த புட்டிகளையும் தகரங்களையும் மாணவர்களைக் கொண்டு பொறுக்கி வரச்செய்து, கழுவி, அறுத்து, அவற்றிலேயே சோதனை நடத்தினார்.

மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள்? பருத்தி எடுக்கும் காலம் வந்தால் கிராமத்துப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வயலிலே இருப்பார்கள். ஆண்டிலே சில மாதப் படிப்போடு, பதினாறு பதினெட்டு வயதிலே வந்து நின்றார்கள். பெற்றோர் வாரத்துக்கு உழுபவர்கள், கடையிலே கடன், பருத்தி தவிர வேறு பயிர் போட நிலக்காரர் விடமாட்டார். பருத்தியோ மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டது. கார்வர் அந்த மண்ணுக்கு மருந்து சொன்னார்: தட்டைப்பயறு போடு, கடலை போடு, அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணிலே சேர்க்கும், எருவுக்குக் காசு வேண்டாம், குப்பையை மக்கவிடு என்றார். படிக்க வர முடியாதவனுக்காக 1906இல் ஒரு வண்டியைக் கட்டி, கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, பள்ளியையே ஊர் ஊராக அனுப்பினார். ஒரு காலத்திலே பள்ளி தேடி நடந்தவர் அல்லவா? நிர்வாகத்திலே மட்டும் அவர் கெட்டிக்காரர் அல்லர். கோழிப்பண்ணைக் கணக்குக்காகப் புக்கர் வாஷிங்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

இப்போது கடலைக்கு வருவோம். நம் ஊரிலே மணிலாக்கொட்டை என்கிறோமே, அதேதான். கடலையை விளைவித்தவன் அதை என்ன செய்வான்? அதற்காக 1916இல் நூற்றைந்து வகையில் கடலையைச் சமைக்கும் வழிகளை எழுதிச் சிறு நூலாக வெளியிட்டார். பால், மை, சாயம், சோப்பு என்று செய்தும் காட்டினார். அவற்றிலே கடைக்கு வந்து விலைபோனவை மிகச் சில. கடலை வெண்ணெயை அவர் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஏழை உழவனின் அடுப்பங்கரையை எண்ணிச் செய்த வேலை அது. காந்தியாருக்கும் உணவுமுறை பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்.

1921 ஜனவரியில், இறக்குமதிக் கடலைக்கு வரி போடுவது பற்றிச் சாட்சி சொல்ல அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவுக்கு முன் நின்றார். கொடுத்த நேரம் பத்து நிமிடம். பேசத் தொடங்கியதும், கூடவே தர்பூசணியும் வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கறுப்பரைக் கேலி செய்ய அந்நாட்டிலே வழங்கிய பழைய ஏளனம் அது. அறுபதை நெருங்கும் அறிஞர். கேட்டவரோ சட்டம் செய்பவர்! கார்வர் முகம் சுளிக்காமல் பதில் சொல்லிவிட்டுத் தம் பெட்டியைத் திறந்தார். அவர்கள் நேரக் கணக்கையே மறந்து கேட்டார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. அவர் எதிர்த்துப் பேசாதவர், அரசியல் பேசாதவர். அந்தப் பணிவு வெள்ளையருக்குப் பிடித்தது. கறுப்பின இளைஞர் பலருக்குக் கசந்தது. இளைஞர் கசந்ததிலே நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். எந்தச் செய்தித்தாளைத் திறந்தாலும் கார்வர் படம். இதோ ஒருவர் வரவில்லையா என்ற வாதத்துக்கு அவரே சான்றாக நிறுத்தப்பட்டார். அதே வேளையிலே, அவர் பிறந்த மிசௌரியிலே என்ன நடந்தது? லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞர், மாநிலத்தின் கறுப்பினக் கல்லூரியிலே 1935இல் பட்டம் பெற்று, சட்டம் படிக்க மிசௌரிப் பல்கலைக் கழகத்துக்கு மனுச் செய்தார். நிறத்தைச் சொல்லி மறுத்தார்கள். வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி, செலவை நாங்கள் தருகிறோம் என்றார்கள். 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1939 மார்ச்சில், சிகாகோவிலே ஒரு மாலை வெளியே போன கெயின்ஸ் திரும்பி வரவேயில்லை. அந்தப் பல்கலைக் கழகம் கறுப்பின மாணவரை முதலில் சேர்த்தது 1950இல்தான்.

கார்வர் 1943 ஜனவரி 5ஆம் நாள் டஸ்கிகீயிலே மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த சுமார் 60,000 டாலரை, பின்வரும் மாணவர்களின் ஆராய்ச்சிக்கென்றே எழுதிவைத்தார்.

அவரைத் திருப்பி அனுப்பிய கான்சாசில், அதன் தலைநகர் டொபீகாவில், லிண்டா பிரவுன் என்ற சிறுமி வீட்டருகே இருந்த வெள்ளையர் பள்ளியைத் தாண்டி, தொலைவிலுள்ள கறுப்பினப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தந்தையும் மற்றப் பெற்றோரும் 1951இல் வழக்குத் தொடுத்தார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளநூல் அறிஞர் இருவர், வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் காட்டிக் குழந்தைகளை ஆராய்ந்திருந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளிலே பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று காட்டினார்கள். அந்த ஆராய்ச்சியும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பிரித்து வைப்பதே பிள்ளையின் நெஞ்சிலே தாழ்வெண்ணத்தை ஊன்றுகிறது, அது கற்கும் ஆற்றலையே கெடுக்கிறது என்று 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பள்ளிகளிலே தனித்தனிச் சமம் செல்லாது என்றது. கார்வர் ஹைலண்டு வாசலிலே நின்று அறுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மிசௌரியோ? 1943 ஜூலையில், டயமண்டிலே அவர் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவிடமாக்கச் சட்டம் செய்தது அமெரிக்கப் பாராளுமன்றம். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்நாட்டரசு அமைத்த முதல் நினைவிடம் அது. இரண்டாண்டு கழித்து, 1945இல், மிசௌரி தனக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி என்ற விதியை அதிலும் வைத்தார்கள். 1954 தீர்ப்பினால் அது உயிரற்ற எழுத்தாயிற்று. ஏட்டிலிருந்து அந்த வரியை எடுத்தது 1976இல்.